கண்ணாடிக்காரர் கொடுத்த புகார்

மஞ்சக்குறிச்சி வியாழச்சந்தையில் அடித்துக் கொல்லப்பட்ட பதினோராவது நாள், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில், மூக்குக்கண்ணாடி விற்கிற ஏகாம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒற்றைச் செருப்புதான். இன்னொன்று சந்தையிலேயே போய்விட்டிருந்தது. பாரா நின்ற கான்ஸ்டபிள் லிங்கதுரை அவருடைய உடம்பைத் தன் கையால் வேனில் தூக்கி வைத்தவன். ஆனாலும் வருகிறவர்களிடம் ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய், "பெஞ்சுல உக்காருங்க, ரைட்டரம்மா இப்ப வந்திருவாங்க" என்று சொல்லிவிட்டது.

ரைட்டரம்மா என்பது தங்கபுஷ்பம். ஏட்டு. ஒன்பது வருஷமாக அந்த ஸ்டேஷனில் எழுத்து வேலை அவளுடையது. சுற்றுவட்டாரத்து முப்பத்திரண்டு ஊர்களின் களவும் அடிதடியும் வரப்புச் சண்டையும் ஓடிப்போன பிள்ளைகளும் அவளுடைய குண்டு குண்டான எழுத்தில்தான் சர்க்காருக்குப் போய்ச் சேரும். அவள் உள்ளே வந்தபோது ஏகாம்பரம் எழுந்து நின்றார். இடது காதுக்கு மேலே ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது. இரண்டு கைகளையும் மணிக்கட்டின்மேல் மணிக்கட்டாக வைத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன விஷயம்?"

"எம் பேரு ஏகாம்பரம்மா. ஆரணிப் பக்கம். நான் செத்ததைப் பத்தி நீங்க எழுதி வெச்சிருக்கறது தப்பும்மா. சைக்கிள்லேர்ந்து நான் வுழல. என்னை அடிச்சாங்க. அத்த எழுதிக்கணும்."

அவர் சைக்கிளிலிருந்து விழவில்லை என்பது மஞ்சக்குறிச்சியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவரிடம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தது. எதிரே நின்ற வேப்பமரம் அதுவரைக்கும் அந்தக் குழந்தைக்கு ஒரு பச்சைப் பொதிதான். அன்றைக்கு அது இலை இலையாகத் தெரிந்ததும் குழந்தை பயந்து அழுதது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் இறங்கியிருக்கிறார்கள் என்று ஒரு மாதமாக எல்லோருடைய போனிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தாய்க்காரி ஓடிவந்தாள். அவர் ஏதோ சொன்னார். பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை. அவ்வளவுதான். சந்தை முழுவதும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்டேஷன் அங்கிருந்து முந்நூறு எட்டு வைக்கிற தூரம். சத்தம் நன்றாகவே கேட்டது. இன்ஸ்பெக்டர், கூட்டம் கலையட்டும் என்றார். கலைந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். யாரைக் கேட்டாலும் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்றார்கள், கிழவிகள் சொன்னார்கள், வாத்தியார் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார். ஊரே சொன்னால் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். தங்கபுஷ்பம் எழுதினாள். ஒரு ஊரையா பிடித்து உள்ளே வைக்க முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டு குண்டாக எழுதினாள். சந்தைக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிற அவள் புருஷன் பால்வண்ணம், ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்துவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னது அவளுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

"இன்ஸ்பெக்டர் வரட்டும் அண்ணாச்சி" என்றாள்.

"சரிம்மா" என்று உட்கார்ந்தார். சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் இருந்துவிட்டு, ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் போனார். மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

முதல் வாரம் ஊர் முழுவதும் ஸ்டேஷன் சுவருக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தது. இரண்டாவது வாரம் கோயிலில் பணம் திரட்டி, பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, ஸ்டேஷன் முற்றத்திலேயே சேவல் அறுத்து, ஆவியை விரட்டக் கழிப்புக் கழித்தார்கள். ஏகாம்பரம் பெஞ்சில் இருந்தபடியே எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில், "முடிஞ்சுதுங்களா? இப்ப எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் பெஞ்சை எடுத்து வெளியே போடச் சொன்னார். அவர் தரையில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் கால் அவர்மேல் தட்டுகிறது என்று பெஞ்சை மறுபடியும் உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். மூன்றாவது மாதத்தில் ஊர் பழகிவிட்டது. ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவர் ஒரு டம்ளர் கூடுதலாகக் கொண்டுவந்தார். ஏகாம்பரம் அதைச் சேர்ந்தே இருக்கும் இரண்டு கைகளாலும் தூக்கி உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைப்பார். டீ குறைந்திருக்காது. ஆறியிருக்கும். மழை வந்தால் அவர் பக்கத்து ஜன்னலை லிங்கதுரை சாத்திவிடுவான். தெருவில் போகிறவர்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சுவரில் என்னென்ன எழுதியிருக்கிறது என்பது அந்த வருஷத்தில் மஞ்சக்குறிச்சிக்காரர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் அந்த ஸ்டேஷனில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது.

ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்த சண்முகக்கனிதான் முதலில் திரும்பிப் போனவள். வெள்ளாடு இரண்டு, சினை ஆடுகள், யார் பிடித்துப் போனார்கள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். வாசல் ஏறி வந்தவளைப் பார்த்ததும் ஏகாம்பரம் நகர்ந்து இடம் விட்டு, "உக்காரும்மா" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சந்தையில் அந்த முகத்தின் மேல் செருப்பை எறிந்தவள் அவள். அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானமே அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு போய், ஆட்டைப் பிடித்தவன் வீட்டிலிருந்து நான்கு ஆடுகளை ஓட்டிவந்தாள். தடுத்தவனுடைய இரண்டு விரல்களை உலக்கையால் நசுக்கினார்கள். நசுக்கப்பட்டவனும் ஸ்டேஷனுக்கு வந்தான். அவனும் பெஞ்சைப் பார்த்தான். அவனும் சந்தையில் இருந்தவன்தான். திரும்பிப் போய் அவர்களுடைய வைக்கோல்படப்புக்குத் தீ வைத்தான்.

அதன்பிறகு யாரும் வரவில்லை. புகார் புத்தகம் வெறுமனே கிடந்தது. ஆறு மாதமாக வழக்கே பதிவாகாத ஸ்டேஷன் என்று மேலதிகாரியிடமிருந்து இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, அதைச் சட்டம் போட்டு மாட்டினார். ஊரிலும் முதலில் ஒரு பெருமை இருந்தது. நம்ம ஊர்ப் பிரச்சினையை நாமே பார்த்துக்கொள்கிறோம், கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காக நிற்க வேண்டியதில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்கள் கையில் கம்பு வைத்துக்கொண்டு பேசினார்கள். கம்பு இல்லாமல் யாரும் கடைக்கு வருவதில்லை என்பது அவர்களுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

அந்த ஊரில் அதற்கு முன்னாலும் கோபம் இருந்தது, குடி இருந்தது, பங்காளிப் பகை இருந்தது. இப்போது புதிதாக வந்தது வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரன் கை எவ்வளவு தூரம் போகும் என்று ஒவ்வொருவரும் நேரில் பார்த்திருந்தார்கள். தன் கையும் அவ்வளவு தூரம் போனதைப் பார்த்திருந்தார்கள். அதனால் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடை திறந்துவிட்டதில் தகராறு என்று ஒருவனை வயலில் வைத்துக் காலை ஒடித்தார்கள். பிரசவத்தில் குழந்தை இறந்ததற்கு ஆஸ்பத்திரி நர்சைக் கம்பத்தில் கட்டி வைத்தார்கள், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு யாரும் வேலைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. வெளியூர் வியாபாரிகள் வராமல் வியாழச்சந்தை நின்றது. பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போனது. யாராவது ஒருவர் சற்று உரக்கக் கூப்பிட்டால் போதும், ஐந்து நிமிஷத்தில் நூறு பேர் கூடினார்கள், கூடியபிறகுதான் எதற்கு என்று கேட்டார்கள். சில சமயம் கேட்கவுமில்லை. பிள்ளைகள் வீதியில் விளையாடுவதை விட்டுவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் யாரும் அந்த வருஷம் மஞ்சக்குறிச்சிக்கு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். லிங்கதுரை சாப்பிடப் போயிருந்தான். தங்கபுஷ்பமும் ஏகாம்பரமும் மட்டும் இருந்தார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"கையை ஏன் அண்ணாச்சி எப்பவும் சேர்த்தே வச்சிருக்கீங்க?"

"கட்டிட்டாங்கம்மா. கயிறு இப்ப இல்ல. ஆனா பிரிய மாட்டேங்குது."

"கட்டினது யாரு?"

"பேரு தெரியாதும்மா. நல்ல மனுசன் மாதிரி இருந்தாரு. கட்டறப்போ, ரொம்ப இறுக்குதான்னு கூடக் கேட்டாரு. தலையெல்லாம், புருவமெல்லாம் மாவு. நான் இல்லேன்னு சொன்னேன். இறுக்கிச்சும்மா. அவரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இல்லேன்னு சொன்னேன்."

தங்கபுஷ்பம் எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மோந்தாள். குடிக்காமல் திரும்பக் குடத்திலேயே ஊற்றினாள். அந்த ஊரில் மாவு மில் ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டாள். இருபத்து மூன்று வருஷமாக அவளிடம் ஒருதரம்கூடக் குரல் உயர்த்தாத மனிதன், வாசலில் நின்று தலைமுடியிலிருந்து மாவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ஷட்டரை இறக்கிட்டு உள்ளதான் இருந்தேன்னு சொன்னீங்களே."

பால்வண்ணம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். எந்த ஷட்டர், எந்த நாள் என்று கேட்கவில்லை.

"மாவு மூட்டைக் கயிறுதான். கேட்டாங்க, குடுத்தேன். பிறகு நானே கட்டினேன். கட்டிப் போட்டுட்டா போலீஸ் வாற வரைக்கும் சும்மா இருப்பாங்கன்னு நெனச்சேன் புஷ்பம். ஸ்டேஷன் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன். யாரும் வரல."

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. இருவரும் சாப்பிடாமல், தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டு நாள் கழித்து மேலத்தெருவில் நான்கு குழந்தைகள் வாந்தியெடுத்தன. காலையில் கேப்பைக் களி தின்ற குழந்தைகள். கேப்பை அரைத்தது பால்வண்ணத்தின் மில்லில். மாவில் எதையோ கலந்துவிட்டான் என்று ஒருத்தி தெருவில் நின்று சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது கூட்டம் பாதித் தெரு வந்திருந்தது. பதினொரு மணி வெயிலில், ஆறேழு மாதமாகப் பழகின காலோடும் கையோடும், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வந்தார்கள். முன்னால் மந்திரமூர்த்தி வந்தான். செங்கல் சூளைக்காரன். பால்வண்ணத்தின் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடும்போது இரண்டு நாள் கூட நின்று வேலை பார்த்தவன்.

பால்வண்ணம் கூட்டத்தைப் பார்த்தான். அது எப்படிப்பட்ட கூட்டம் என்பது அவனுக்குத் தெரியும், ஒருநாள் அதற்குள்ளே நின்றவன்தானே. மிஷினை நிறுத்தாமல் பின்வாசல் வழியாக ஓடினான். முந்நூறு எட்டு. தலை முதல் கால் வரை மாவோடு ஸ்டேஷன் படியேறி வந்து, மனைவியைக்கூடப் பார்க்காமல், மூச்சு வாங்க நின்றான். ஏகாம்பரம் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். ஏழு மாதத்தில் அந்தப் பெஞ்சில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான்.

கூட்டம் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே வந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மந்திரமூர்த்தி மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டம்மா, அவனை வெளிய அனுப்புங்க."

தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்தாள். "என்ன புகார்?"

"புகார் என்ன புகார். எங்க பிள்ளைங்க அங்க வாந்தியெடுத்துக் கெடக்கு."

"அப்ப உள்ள வந்து சொல்லு. மாவை எடுத்துச் சோதனைக்கு அனுப்புதேன். தப்பு செஞ்சிருந்தா என் புருஷன்னு பாக்க மாட்டேன்."

"அன்னைக்கு எங்கம்மா போச்சு இந்தச் சட்டம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. கேட்டவர் குரலில் அழுகை இருந்தது.

தங்கபுஷ்பம் உள்ளே திரும்பினாள். பெஞ்சில் செத்த மனிதரும் அவரைக் கட்டிய மனிதனும் ஒரே அளவு பயத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏகாம்பரம் சற்றுத் தயங்கி, பக்கத்தில் இருந்தவனிடம் தன் டீ டம்ளரை நகர்த்தினார். "குடிங்க. ஓடி வந்துருக்கீங்க."

பால்வண்ணம் அதை வாங்கினான். குடிக்கவில்லை. "எழுது புஷ்பம்" என்றான். "மொதல்ல என் பேரைப் போடு."

இன்ஸ்பெக்டர் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது ஸ்டேஷன் அவள் பொறுப்பு, வருகிற புகாரை அவளே பதிவு செய்யலாம். அவர் வெளியே போன ஒவ்வொரு நாளும் அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. மேஜையை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. மெதுவாச் சொல்லுங்க."

அவர் சொன்னார். குழந்தை கண்ணாடி கேட்டதிலிருந்து சொன்னார். பெயர் தெரியாத இடங்களில் அடையாளம் சொன்னார். நீலச்சட்டை, பல்லில் கறை, கையில் பச்சை குத்தியவர். ஒவ்வொரு அடையாளத்துக்கும் பால்வண்ணம் பெயர் சொன்னான். தங்கபுஷ்பம் ஒவ்வொரு பெயரையும் எழுதிவிட்டு, சரிபார்ப்பதற்காக ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஒவ்வொரு பெயரும் கேட்டது. பெயர் கேட்டதும் சிலர் ஓடினார்கள். ஒருவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் ஓடவில்லை, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள், பிணம் எடுக்கிற வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தங்கள் பெயருக்காக நின்றார்கள். மந்திரமூர்த்தியின் பெயர் பதினேழாவதாக வந்தது. அவன் கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"முகத்துல செருப்பு வந்து விழுந்துச்சும்மா. யாருன்னு பாக்க முடியல" என்றார் ஏகாம்பரம்.

பால்வண்ணத்துக்கும் அது தெரியவில்லை. பேனா நின்றது. கூட்டத்துக்குள்ளிருந்து சண்முகக்கனி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஜன்னலுக்கு நேராக நின்றாள்.

"எறிஞ்சது நாந்தான். கனி இல்ல, சண்முகக்கனின்னு முழுசா எழுதுங்க."

நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. அதற்குப் பிறகு இறந்த விதத்தைப் பொய்யாக எழுதியவள் என்று தங்கபுஷ்பம் தன் பெயரையும், எழுதச் சொன்னவர் என்று இன்ஸ்பெக்டர் பெயரையும் எழுதினாள். முழுவதையும் ஏகாம்பரத்துக்கு வாசித்துக் காட்டினாள். அப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் ஒரே ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கட்டியவர், இறுக்குகிறதா என்று கேட்டார் என்கிற வரி. "அத்த இன்னொரு வாட்டி படிம்மா" என்றார். படித்தாள். "சரி" என்றார்.

கையெழுத்துப் போடும்போதும் அவர் கைகள் பிரியவில்லை. இரண்டு கைகளாலும் சேர்த்துப் பேனாவைப் பிடித்து, எழுத்துக்கூட்டி, ஏகாம்பரம் என்று போட்டார். ஒரு நகலைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

"இது எனக்கேவாம்மா?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி. புகார் குடுத்தவங்களுக்கு ஒரு நகல் குடுக்கணும்."

நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினார். கூட்டம் விலகி வழிவிட்டது. நடுப்பகல் வெயிலில், பஸ் வராத ரோட்டில், வடக்கே பார்த்து நடந்து போனார். அவரை எல்லோரும் பார்த்தார்கள். எதிர்ச்சுவரை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

லிங்கதுரை புகாரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தான். மாஜிஸ்திரேட், புகார்தாரர் பெயரும் இறந்தவர் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லையே என்று கேட்டார். இல்லை ஐயா என்றான். நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

குழந்தைகளுக்குச் சாயங்காலமே சரியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் பல்லி செத்துக் கிடந்ததாகச் சோதனையில் வந்தது. பால்வண்ணம் அன்றைக்கே ரிமாண்டில் போனான். வழக்கு மூன்று வருஷம் நடந்தது. எல்லோரும் ஜாமீனில் வந்தபின் வாய்தா தோறும் நாற்பத்தைந்து பேரும் ஒரே பஸ்ஸில் ஜில்லாத் தலைநகருக்குப் போய் வந்தார்கள், போகும்போதும் வரும்போதும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல். சிலருக்கு ஆயுள், சிலருக்குச் சில வருஷங்கள், சிலருக்கு விடுதலை. பால்வண்ணத்துக்கு ஏழு வருஷம். இன்ஸ்பெக்டருக்கு வேலையும் போய்ச் சிறையும் கிடைத்தது. தங்கபுஷ்பத்துக்கும் எட்டு மாதச் சிறை, வேலை போனது. அவள் மேல்முறையீடு செய்யவில்லை. தன் பெயரை எழுதிய அன்றைக்கே அவளுக்கு இது தெரியும். ஊருக்குள் பஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வேறு நர்சு வந்தார். சந்தை ஒரு வியாழக்கிழமை நான்கு கடைகளோடு கூடியது. இதெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது, நடந்த பிறகும் ஊர் பழையபடி ஆகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பத்து மணி ஆனால் சில பேருக்குப் பேச்சு தானாக நின்றுவிடும்.

சிறையிலிருந்து வந்து கொஞ்ச காலம் கழித்து, தங்கபுஷ்பத்தின் வீட்டுக் கூரை ஓட்டில் கல் விழ ஆரம்பித்தது. நான்கு ஓடுகள் போயின. ஐந்தாவது கல் சமையல்கட்டில் அவள் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. எறிகிறது யார் என்று அவளுக்குத் தெரியும். விடுதலையானவர்களில் ஒருவனான மந்திரமூர்த்தி. அவன் தம்பி ஆயுள் தண்டனையில் இருக்கிறான். அவள் அண்ணன் மகன்கள் இருவர் வந்து, சூளைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறோம் அத்தை என்று கம்போடு நின்றார்கள். கம்பை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வாசலில் வரிசை நின்றது. வரப்பைத் தள்ளி வைத்துவிட்டான் என்று ஒருவர், போனைத் தொலைத்துவிட்ட ஒரு கல்லூரிப் பெண், அவளுக்குப் பின்னால் மந்திரமூர்த்தி. சூளையில் மோட்டார் வயரை யாரோ அறுத்துப் போய்விட்டார்களாம், கையில் ஒரு துண்டு வயர் வைத்திருந்தான். தங்கபுஷ்பம் போய் அவன் பின்னால் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பையின் கனத்தைப் பார்த்தான், எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. உள்ளே புதிய ரைட்டர், வயது இருபத்தைந்து இருக்கும், ஒரு பெண், யாரிடமோ பெயரும் தகப்பன் பெயரும் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. மந்திரமூர்த்தி நகரவில்லை. ஓரமாக ஒதுங்கினான்.

"நீங்க முன்னால போங்க ஏட்டம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல. நீதான் முன்னால வந்த" என்றாள் அவள்.